குட்டி ரயிலும் 87 என்ற எண்ணும்

“என்னண்ணே, தண்டவாளத்தைத் துடைச்சாச்சா?”

“நேத்தே துடைச்சேன் தம்பி. இன்னிக்கு மறுபடியும் வண்டி நின்னு நின்னு ஓடுது.”

“வளைவுல பெட்டி சாயுதுன்னு சொன்னீங்களே, எடை ஏத்துனீங்களா?”

“ஏத்தினேன். இப்போ மேட்டுல எஞ்சின் வழுக்குது!”

இந்தப் பேச்சைக் கேட்பவர்கள், ரயில்வே ஊழியர் இருவர் வேலை முடிந்து பேசிக்கொண்டு போகிறார்கள் என்றே நினைப்பார்கள். ஆனால் இவர்கள் சொல்லும் தண்டவாளம் வீட்டு மேசையின் மேல் இருக்கிறது. எஞ்சின் ஒரு சாண் நீளம்தான். மாதிரி ரயில் செய்து ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் எந்த ஊரில் சந்தித்துக்கொண்டாலும் அவர்களுடைய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நம் நாட்டில் இப்பொழுதுபோக்கு உள்ளவர்கள் தொகை குறைவு. என்றாலும் புணே நகரில் 1998ஆம் ஆண்டு முதல் குட்டி ரயில்களுக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது. ஜோஷி காட்சியகம் என்று அதற்குப் பெயர்.

மேலே உள்ள நான்கு வரிகளும் வெறும் பொழுதுபோக்குப் பேச்சுப்போல் தோன்றலாம். ஆனால் அவற்றுக்குள் ஓர் அறிவியல் விதி ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளை நாம் சிறிதாக்கும்போது, அதைச் சார்ந்த எல்லாமே ஒரே விகிதத்தில் சிறிதாவதில்லை என்பதே அந்த விதி. நீளம் ஒரு விதமாகக் குறைகிறது. எடை வேறு விதமாகக் குறைகிறது. சில அளவுகள் குறையவே மறுக்கின்றன. அந்த மறுப்புகளோடு நடக்கும் தினசரிப் போராட்டமே குட்டி ரயில்காரர்களின் பேச்சு முழுவதும். அதைக் கொஞ்சம் கூர்ந்து கேட்போமா?

எந்தப் பாதையைச் செய்யலாம்?

நாம் எடுத்துக்கொள்ளப் போகும் பாதை மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை செல்லும் 90 கிலோமீட்டர் பாதை. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய், தேயிலை போன்ற சரக்குகளைக் கொண்டுசெல்வதற்காக 1928இல் இது திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில் மறுபடியும் போடப்பட்டு ரயில் ஓடத் தொடங்கியது.

அது மீட்டர் பாதை. அதாவது இரு தண்டவாளங்களுக்கும் நடுவே 1000 மில்லிமீட்டர் இடைவெளி. நம் நாட்டு அகலப் பாதையில் இந்த இடைவெளி 1676 மி.மீ. அடியும் அங்குலமும் ஆட்சி செய்த 1870களில் ‘மீட்டர்’ எப்படி வந்தது என்று நீங்கள் வியக்கலாம். இந்தியாவில் விரைவில் மெட்ரிக் முறை வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் அப்போதே அந்த அளவைத் தேர்ந்தெடுத்தார்கள். மெட்ரிக் முறை மக்களிடம் வந்து சேர்ந்ததோ நாடு விடுதலை பெற்ற பிறகுதான்!

2010ஆம் ஆண்டின் இறுதியோடு இந்த மீட்டர் பாதை மூடப்பட்டது. அகலப் பாதையாக மாற்றும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. உசிலம்பட்டிக்கும் ஆண்டிப்பட்டிக்கும் இடையிலுள்ள கணவாயில் பாறைகளை வெட்டி வழியை அகலமாக்க வேண்டியிருந்தது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் மாதம் போடிக்கும் புதிய பாதையில் ரயில் வந்தது.

பழைய மீட்டர் பாதையை இனி நேரில் காண வழியில்லை. உங்கள் தாத்தா பாட்டி அந்த ரயிலில் ஏறி மதுரைக்குப் போயிருக்கலாம். நீங்கள் போனதில்லை. அந்த ரயில் எவ்வளவு அகலம், நிலையம் எப்படி இருந்தது, வளைவு எங்கே திரும்பியது என்பதையெல்லாம் மறுபடியும் கண்ணால் காண வேண்டுமானால் அளவு தவறாமல் அதைச் சிறிதாகச் செய்து பார்க்கலாம். மாதிரி ரயில் விளையாட்டுக்கு இப்படி ஒரு பயனும் உண்டு.

‘என்ன அளவு?’

குட்டி ரயில்காரர்கள் புதிதாக ஒருவரைச் சந்தித்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நிலப்படத்தில் அளவுத்திட்டம் குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே போன்ற அளவுத்திட்டம் இங்கேயும் உண்டு. உலகில் மிகுதியாகப் பழக்கத்தில் இருப்பது ‘எச்.ஓ.’ என்னும் அளவு. இதில் உண்மைப் பொருளின் 87 மி.மீ. நீளம், மாதிரியில் 1 மி.மீ. ஆகிவிடும். இதை 1:87 என்று எழுதுவார்கள். ‘என்’ என்று வேறோர் அளவு உண்டு. அது 1:160. இடம் குறைவாக உள்ளவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான பாதைகளின் இடைவெளி 1435 மி.மீ. இதை 87ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. கிடைக்கிறது. ஆகவே கடைகளில் விற்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.

நம் அகலப் பாதையை வகுத்துப் பாருங்கள். 1676 ÷ 87 = 19.3 மி.மீ. இந்த அகலத்தில் தண்டவாளம் கடையில் கிடைப்பது அரிது. ஆகவே நம் நாட்டு எஞ்சின்களின் மாதிரியைப் பெரும்பாலோர் 16.5 மி.மீ. தண்டவாளத்திலேயே ஓட்டுகிறார்கள். அப்படிச் செய்யும்போது உண்மைப் பாதையில் 24 சென்டிமீட்டர் காணாமற் போய்விடுகிறது! ‘எஞ்சின் சரி, கால்தான் ஒடுங்கியிருக்கிறது’ என்று அவர்கள் குறைப்பட்டுக்கொள்வது இதனால்தான்.

பழைய போடிப் பாதைக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை. 1000 ÷ 87 = 11.5 மி.மீ. கடையில் 12 மி.மீ. தண்டவாளம் உண்டு. வேறுபாடு அரை மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது. மெட்ரிக் முறையை எதிர்பார்த்து அன்று எடுத்த முடிவு இன்றைய குட்டி ரயில்காரர்களுக்கு நன்மையாக முடிந்துவிட்டது!

‘இடம் போதுமா?’

இரண்டாவது கேள்வி இடத்தைப் பற்றியது. மதுரையிலிருந்து போடி வரை 90 கி.மீ. 87ஆல் வகுத்தால் 1034 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம்! தேனியிலிருந்து போடி வரையுள்ள 15 கி.மீ. மட்டும் செய்தாலும் 172 மீட்டர் வேண்டும். மலையின் கதை இன்னும் வேடிக்கை. மூணாற்றுக்கு அருகே உள்ள ஆனைமுடியின் உயரம் 2695 மீட்டர். எச்.ஓ. அளவில் அது 31 மீட்டர், ஏறக்குறைய பத்து மாடிக் கட்டடத்தின் உயரம்.

எந்த வீட்டில் இவ்வளவு இடம் இருக்கிறது? ஆகவே முழுப் பாதையையும் யாரும் செய்வதில்லை. நிலையங்களை ஓரளவு அளவோடு செய்துவிட்டு, நடுவிலுள்ள வெட்டவெளியைச் சுருக்கிவிடுகிறார்கள். ‘ஆண்டிப்பட்டிக்கும் தேனிக்கும் நடுவே எவ்வளவு விட்டாய்?’ என்று ஒருவர் கேட்டால், ‘ஒன்றரை மீட்டர்’ என்று மற்றவர் சொல்வது இதைத்தான்.

வளைவு இதைவிடப் பெரிய தொல்லை. நம் ரயில்வே விதிப்படி மீட்டர் பாதையில் அனுமதிக்கப்பட்ட மிகக் கூர்மையான வளைவின் ஆரம் ஏறத்தாழ 109 மீட்டர். அகலப் பாதையில் 175 மீட்டர். எச்.ஓ. அளவில் இவை முறையே 1.25 மீட்டரும் 2 மீட்டரும் ஆகும். 2 மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். ஆனால் பெட்டியில் வரும் விளையாட்டு ரயிலின் வட்டத்துக்கு ஆரம் 46 செ.மீ.தான். இதை 87ஆல் பெருக்கினால் 40 மீட்டர். குறுகிய பாதைகளுக்குக்கூடப் பொது விதிப்படி 44 மீட்டருக்குக் கீழே வளைவு அனுமதியில்லை! நீண்ட ரயில் பெட்டிகள் அவ்வளவு கூர்மையான வளைவில் திரும்பும்போது உட்புறமாக இழுக்கப்பட்டுச் சாய்வதில் வியப்பென்ன?

இனிச் சரிவைப் பாருங்கள். இங்கே ஒரு புதுமை. 100 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர் ஏறும் பாதையை எவ்வளவு சிறிதாக்கினாலும் அது 100க்கு 1 என்றே இருக்கும். கோணம் சிறிதாவதில்லை! எனவே குட்டி எஞ்சினும் பெரிய எஞ்சினைப் போலவே மேட்டில் மூச்சு வாங்குகிறது. ஒரு தண்டவாளத்தின் மேலே மற்றொன்று கடந்து போக வேண்டுமானால் எச்.ஓ. அளவில் ஏறக்குறைய 8 செ.மீ. உயர வேண்டும். 50க்கு 1 என்ற சரிவில் அதற்கு 4 மீட்டர் நீளம் தேவை.

மலையேறும் ரயிலுக்குச் சரிவு எவ்வளவு பெரிய தடை என்பதைப் போடிக்கு மேலேயே பார்க்கலாம். மூணாற்றில் 1902இல் ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்றும், 1908 முதல் இரண்டடி அகலக் குறும்பாதை ரயிலும் ஓடின. தேயிலையை டாப் ஸ்டேஷன் என்னும் இடம் வரை அது கொண்டுவரும். அங்கிருந்து கொட்டகுடிக்குச் செங்குத்தான இறக்கம். ரயில் இறங்க முடியாது. ஆகவே கம்பிவட ஊர்தியில் பெட்டிகளைத் தொங்கவிட்டு இறக்கி, அங்கிருந்து சாலை வழியே போடிக்குக் கொண்டுவந்தார்கள். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அந்த மலை ரயில் அழிந்தது. போடிக்கு ரயில் வந்ததோ அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து! இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. மாதிரி ரயில்காரர் நினைத்தால் இரண்டையும் ஒரே மேசையில் சேர்த்து வைக்கலாம்.

‘எடை ஏற்றினாயா?’

இப்போது நம் விதியின் நடுப்பகுதிக்கு வருகிறோம். 30 டன் எடையுள்ள ஒரு ரயில் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதை 87இல் ஒரு பங்காகச் சிறிதாக்கினால் எடை என்னவாகும்? 30 டன்னை 87ஆல் வகுத்தால் 345 கிலோ வருகிறது. இது சரியாக இருக்க முடியாது அல்லவா?

பெட்டியின் நீளம் மட்டும் 87இல் ஒரு பங்கு ஆகவில்லை. அகலமும் அப்படியே ஆகிறது, உயரமும் அப்படியே ஆகிறது. ஆகவே கன அளவு 87 × 87 × 87, அதாவது 6,58,503இல் ஒரு பங்காகிவிடுகிறது. அதே பொருள்களால் செய்தால் எடையும் அப்படியே குறையும். 30 டன் பெட்டி 46 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 72 டன் எடையுள்ள ஒய்.டி.எம்.4 என்னும் மீட்டர் பாதை டீசல் எஞ்சினின் மாதிரி 109 கிராம். இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தால் சமமாகிவிடும்!

இவ்வளவு இலேசான பெட்டி தண்டவாளத்தில் ஒழுங்காக நிற்காது. சிறு தூசி தட்டினாலும் தடம் புரளும். அதனால் குட்டி ரயில்காரர்கள் பெட்டிக்குள் ஈயத்துண்டோ இரும்புத்துண்டோ ஒட்டி எடை ஏற்றுகிறார்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்கு ஒரு விதியே வகுத்திருக்கிறது. அதன்படி 22 செ.மீ. நீளமுள்ள எச்.ஓ. பெட்டி ஏறத்தாழ 150 கிராம் இருக்க வேண்டும். அளவுத்திட்டப்படி வரும் எடையைப்போல் இது மூன்று மடங்குக்கும் மேல்!

ஆனால் ஒரு தொல்லையை விரட்டினால் மற்றொன்று வருகிறது. இப்படிப்பட்ட எட்டுப் பெட்டிகளின் எடை 1200 கிராம். 50க்கு 1 சரிவில் இந்த எடையில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 24 கிராம் எடைக்குச் சமமான விசை பின்னோக்கி இழுக்கும். சக்கரங்களின் உராய்வு இழுப்பதோ தனி. எஞ்சினின் எடை போதாவிட்டால் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றாமல் நின்ற இடத்திலேயே சுழலும். ‘எடை ஏற்றினேன், இப்போது மேட்டில் வழுக்குகிறது’ என்ற பேச்சின் பொருள் இதுதான்.

இதே விதியால் ஒரு நன்மையும் உண்டு. வைகை ஆற்றுக்கு அட்டையில் பாலம் செய்து அதன்மேல் குட்டி ரயிலை ஓட்டலாம். பாலம் உடையாது. ஏனென்றால் ஒரு பாலத்தின் வலிமை அதன் தூண், விட்டம் ஆகியவற்றின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு 87 × 87, அதாவது 7569இல் ஒரு பங்குதான் ஆகிறது. எடையோ ஆறரை இலட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. வலிமை குறைவதைவிட எடை மிக விரைவாகக் குறைவதால் சிறிய பாலம் உறுதியாக நிற்கிறது. இதைத் திருப்பிப் போட்டால் ஓர் எச்சரிக்கை கிடைக்கும். மாதிரிப் பாலம் உறுதியாக நிற்கிறது என்பதற்காக அதைப் பெரிதாக்கிக் கட்டிவிடக் கூடாது. தன் எடையாலேயே அது முறியலாம். இந்த உண்மையை 1638ஆம் ஆண்டிலேயே கலிலியோ தம் நூலில் விளக்கியிருக்கிறார். யானையின் கால் எறும்பின் கால்போல் மெலிந்திருக்க முடியாததும் இதனால்தான்.

‘ஏன் இப்படிக் குலுங்குகிறது?’

வேகத்தையும் சிறிதாக்க வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் ரயிலின் மாதிரி ஒரு நொடியில் 19 செ.மீ. போனால் போதும். புதியவர்கள் இதை அறியாமல் வண்டியை விரட்டுவார்கள். ‘மெதுவா ஓட்டு தம்பி, ஆகாய விமானமா அது?’ என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

தூரம் 87இல் ஒரு பங்கு, வேகமும் 87இல் ஒரு பங்கு. அப்படியானால் பயண நேரம் மாறாது. 172 மீட்டர் நீளமுள்ள தேனி–போடி மாதிரிப் பாதையைக் கடக்க உண்மை ரயிலைப் போலவே கால் மணி நேரம் ஆகும். ஆனால் நம் மேசையில் 6 மீட்டர்தானே இருக்கிறது? அரை நிமிடத்தில் போடி வந்துவிடும்! இதற்காகவே குட்டி ரயில்காரர்கள் விரைவாக ஓடும் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் என்பது நமக்கு ஐந்து நிமிடமாக இருக்கலாம். கால அட்டவணையும் அதன்படியே.

எல்லாக் கணக்கும் சரியாகச் செய்த பிறகும் குட்டி ரயிலின் அசைவு உண்மையானதாகத் தோன்றுவதில்லை. பெரிய ரயில் நிதானமாக அசைந்தாடி வரும். குட்டி ரயிலோ படபடவென்று நடுங்கும். காரணம், புவியீர்ப்பை நாம் சிறிதாக்க முடியாது. 87 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழ 4.2 நொடி ஆகிறது. அதே காட்சியை மாதிரியில் செய்தால் உயரம் 1 மீட்டர். கல் விழ 0.45 நொடி. நேரம் 87இல் ஒரு பங்காகவில்லை, மாறாமலும் இல்லை. 87இன் வர்க்கமூலமான 9.3இல் ஒரு பங்காகிறது. ஊசலின் ஆட்டத்துக்கும் இதே கணக்குத்தான். திரைப்படத்தில் சிறிய மாதிரிகளைக் கொண்டு ரயில் விபத்துக் காட்சி எடுப்பவர்கள், அதை மிக வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டுவது இந்த வேறுபாட்டை மறைக்கத்தான்.

இந்த வர்க்கமூல விதியைப் பெரிய வேலைக்குப் பயன்படுத்தியவர் வில்லியம் ஃபுரூட் என்னும் ஆங்கிலப் பொறியாளர். அவர் இளமையில் ரயில் பாதை போடும் வேலை பார்த்தவர். 1870களில் நீர்த்தொட்டியில் சிறு கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்து, பெரிய கப்பலுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட்டார். இன்றும் அணைகளின் மாதிரிகளை ஆராய அவருடைய விதியே பயன்படுகிறது. நம் மாநிலத்தில் திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியில் உள்ள நீரியல் ஆய்வு நிலையத்தில், அணை மாதிரிகளில் நீரை ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள். மேசைமேல் குட்டி ரயில் ஏன் நடுங்குகிறது என்று புரிந்துகொண்ட மாணவர், அணையின் மாதிரியைப் புரிந்துகொள்வதில் பாதி வழி வந்துவிட்டார் என்று சொல்லலாம்.

ஆற்று நீரும் மலையின் நிறமும்

மாதிரி வைகையில் உண்மையான தண்ணீரை விடலாமா? விட்டால் ஆறுபோல் இருக்காது. நீர்த்துளி சிறிதாக மறுக்கும். 3 மி.மீ. துளி ஒன்று எச்.ஓ. உலகத்தில் 26 செ.மீ. உருண்டை! நீரின் மேற்பரப்பு இழுவிசை அளவுத்திட்டத்துக்குக் கட்டுப்படாது. ஆகவே நிறமற்ற பிசினையோ வார்னிஷையோ ஊற்றிக் காயவைத்து நீர்போல் காட்டுகிறார்கள்.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மாதிரியை 1 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, உண்மைப் பொருளை 87 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். நடுவிலுள்ள காற்று நிறத்தை மங்கச் செய்யும். போடியிலிருந்து குரங்கணி மலைகளைப் பாருங்கள். அருகில் உள்ள மலை பச்சையாகவும், பின்னால் உள்ளது நீலமாகவும், அதற்கும் பின்னால் உள்ளது சாம்பல் பூத்த வெளிர் நீலமாகவும் தெரியும். காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதே காரணம். ஆகவே ‘மலைக்கு என்ன வண்ணம்?’ என்று ஒருவர் கேட்டால், ‘எவ்வளவு தூரத்து மலை?’ என்று மற்றவர் திருப்பிக் கேட்கிறார்.

‘தண்டவாளத்தைத் துடைச்சாச்சா?’

கடைசியாக, நாம் தொடங்கிய கேள்விக்கே வருவோம். குட்டி எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருகிறது. பெரும்பாலும் 12 வோல்ட்தான். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடமோ ஊசிமுனை அளவு. அங்கே சிறு பொறி பறந்து கறுப்புப் படலம் படியும். தூசியும் எண்ணெயும் சேர்ந்தால் மின்சாரம் தடைப்படும். வண்டி நின்று நின்று ஓடும். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்களின் வழியே வேகமாக வீசும் மாதங்களில் தேனிப் பகுதியில் தூசிக்குச் சொல்ல வேண்டுமா?

இதனால் நல்ல தண்டவாளங்களை ஜெர்மன் சில்வரில் செய்கிறார்கள். பெயரில்தான் சில்வர். அதில் வெள்ளி கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. பித்தளையைவிட மெதுவாகவே கறுக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. கீறல்களில் அழுக்கு இன்னும் விரைவாகத் தங்கிவிடும். மெல்லிய துணியால் துடைப்பதே நல்லது.

மின்கம்பியைப் பற்றிய பேச்சிலிருந்து உலகமே பயன்படுத்தும் ஒரு சொல் பிறந்திருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 1946இல் ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்களைக் கொண்டு, பல ரயில்களை ஒரே சமயத்தில் ஓட்டும் இணைப்புகளை அமைத்தார்கள். அவர்களுடைய அன்றாடப் பேச்சில் புதுப்புதுச் சொற்கள் உருவாயின. 1959இல் பீட்டர் சாம்சன் என்ற உறுப்பினர் அச்சொற்களுக்கு ஓர் அகராதியே எழுதினார். அதில் ‘ஹேக்’ என்ற சொல்லும் இருந்தது. அந்தச் சங்கத்து மாணவர்கள் கணிப்பொறியின் பக்கம் சென்றபோது சொல்லும் கூடவே சென்றது. இன்று செய்தித்தாளில் ‘ஹேக்கர்’ என்று படிக்கிறோமே, அதன் வேர்களில் ஒன்று குட்டி ரயில் மேசைக்கு அடியில் இருக்கிறது!

இன்று எஞ்சினுக்குள்ளேயே சிறிய மின்னணுக் கருவி வைக்கிறார்கள். 1990களில் பரவிய இம்முறையில் ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஓர் எண் உண்டு. வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த மாணவர் மட்டும் எழுந்து நிற்பதுபோல, தண்டவாளம் வழியே வரும் குறிப்பலைகளில் தன் எண்ணைக் கண்ட எஞ்சின் மட்டும் நகரும்.

நீங்களும் செய்து பாருங்கள்

இதற்குப் பெரும் பணம் வேண்டும் என்று எண்ண வேண்டாம். ஓடாத மாதிரியே போதும். பழைய மீட்டர் பாதையின் மரச் சிலீப்பர் கட்டை 1.83 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம். 87ஆல் வகுத்தால் 21 மி.மீ. நீளம், 2.3 மி.மீ. அகலம். மருந்தில்லாத தீக்குச்சியை இரண்டாக வெட்டினால் கிட்டத்தட்ட அதே அளவு! சல்லிக்கற்களுக்குப் பதிலாகக் காயவைத்த தேயிலைச் சக்கையைத் தூவலாம். புல்லுக்கு, பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள். நிலையக் கட்டடத்துக்குப் பழைய அட்டைப்பெட்டி.

ஊசல் விதியையும் சோதித்துப் பாருங்கள். 1 மீட்டர் நூலில் ஒரு கல்லைக் கட்டி ஆட்டி, பத்து ஆட்டங்களுக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு நூலை 25 செ.மீ. ஆக்குங்கள். நீளம் காற்பங்கு. நேரமும் காற்பங்காகிறதா, அல்லது பாதியாகிறதா?

அளவெடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். இருப்புப் பாதையின்மேல் ஒருபோதும் இறங்கக் கூடாது. நடைமேடையில் நின்று, அனுமதி பெற்று, அளக்க முடிந்ததை மட்டும் அளக்க வேண்டும். பழைய மீட்டர் பாதையைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வண்டி எத்தனை பெட்டி, நிலையத்தில் கிணறு எந்தப் பக்கம், மரம் எங்கே நின்றது என்று அவர்கள் சொல்வதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். நூலகங்களில் கிடைக்காத செய்திகள் அவர்கள் நினைவில் இருக்கும். அதை இன்று கேட்காவிட்டால் பிறகு கேட்க முடியாது.

இன்னும் ஒன்று. தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் வரை சுமார் 40 கி.மீ. திராட்சைத் தோட்டங்களும் நெல்வயல்களும் நிறைந்த அந்தப் பள்ளத்தாக்குக்கு இதுவரை ரயில் வந்ததில்லை. அங்கே பாதை போட்டால் எந்த இடத்தில் வளைய வேண்டும், ஆற்றை எங்கே கடக்க வேண்டும், சரிவு 100க்கு எவ்வளவு? நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, 175 மீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளைவுகளை வரைந்து பாருங்கள். பெரிய பொறியாளர்கள் தொடங்குவதும் இதே கேள்விகளிலிருந்துதான்.